கூடைக்கா, தண்ணீருக்கா?

தூண்டிலில் மாட்டிய மீன் கரைக்கு வந்ததும் ஒரு கேள்வியும் கூடவே வருகிறது: வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? அன்றைய குழம்புக்காகத் தூண்டில் போட்டவருக்கு இது கேள்வியே இல்லை. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் பெருகிய பிறகுதான் இது சட்டமாகவும் விவாதமாகவும் வளர்ந்தது. இதற்கு உலகம் முழுவதும் ஒரே பதில் கிடையாது. இங்கிலாந்தின் ஆற்றில் பெரிய மீனை வீட்டுக்கு எடுத்துப் போனால் குற்றம். சுவிட்சர்லாந்தில், விடுவதற்கென்றே மீன் பிடித்தால் குற்றம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நம்மூர் ஜிலேபி மீன் மாட்டினால் விடவும் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் இந்த விதிகளுக்குப் பின்னால் தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்கள் மீனின் இனத்தையும், தண்ணீரையும், மாதத்தையும் பொறுத்தவை.

விதிகளில் முதலில் வருவது குறைந்தபட்ச நீளம். ஒரு முறையாவது முட்டையிட்ட பிறகே மீன் பிடிபட வேண்டும் என்பது இதன் கணக்கு. மூக்கு நுனியிலிருந்து வால் வரை அளந்து, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். இதோடு ஒருவர் ஒரு நாளைக்கு இத்தனை மீன்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணிக்கை வரம்பும், முட்டையிடும் பருவத்தில் தூண்டிலே போடக்கூடாது என்ற தடைக்காலமும் சேரும். இந்தியாவிலும் இந்த யோசனை புதிதல்ல. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடை செய்த 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே, மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தும் விதிகளை வகுக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்திருந்தது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை நன்னீர் மீன்களுக்குத் தூண்டில் போடக்கூடாது. ஒன்று பிழைப்புக்கான கடல், மற்றொன்று பொழுதுபோக்குக்கான ஆறு. ஆனாலும் இரண்டும் நிற்பது ஒரே எண்ணத்தின் மேல்தான்: இனப்பெருக்கக் காலத்தில் மீனைத் தொந்தரவு செய்யாதே.

குறைந்தபட்ச நீளம் என்ற விதிக்குள் ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது. சிறியதை விடு, பெரியதை எடு என்று அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. தமிழகக் கழிமுகங்களில் நல்ல விலை போகும் கொடுவாவை எடுத்துக்கொண்டால் கோளாறு எங்கே என்பது புரியும். கொடுவா பிறவியில் ஆண். சில ஆண்டுகள் ஆணாக இனம்பெருக்கிவிட்டு, ஏறக்குறைய 80 முதல் 100 செ.மீ. நீளம் வளரும்போது பெண்ணாக மாறுகிறது. பெரிய கொடுவாக்களை மட்டும் தேடித் தேடிப் பிடித்தால் அந்த ஆற்றில் பெண்கள் இல்லாமல் போய்விடும். ஆகவே குவீன்ஸ்லாந்தில் கொடுவாவுக்கு இரண்டு எல்லைகள் வைத்திருக்கிறார்கள். 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் விட வேண்டும், 120 செ.மீ.யைத் தாண்டியதையும் விட வேண்டும். அங்கேயே குறிப்பிட்ட சில அணைகளில் மட்டும் மேல் எல்லை தளர்த்தப்பட்டிருக்கிறது. கொடுவா முட்டையிட உப்புத் தண்ணீர் வேண்டும். அணைக்குள் கொண்டுவந்து விடப்பட்ட மீன் எவ்வளவு பெரிதானாலும் அங்கே குஞ்சு பொரிக்கப் போவதில்லை. ஒரே மீன், ஒரே மாநிலம். தண்ணீர் மாறியதால் விதியும் மாறுகிறது.

பால் மாறாத மீன்களிலும் பெரிய தாய்க்குத் தனி மதிப்பு உண்டு. 30 கிலோ எடையுள்ள ஒரு காட் மீன் இடும் முட்டைகளுக்கு ஈடுகட்ட 2 கிலோ காட் மீன்கள் 28 வேண்டும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எடையில் 15 மடங்கு, முட்டையில் 28 மடங்கு. பெரிய தாயின் முட்டைகளும் பெரியவை, சத்து மிகுந்தவை. சில இடங்களில் பெரிய மீன்களை விட்டுவிடச் சொல்லும் விதியும் வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கத்தாளைக் குடும்பத்தைச் சேர்ந்த சிவப்பு டிரம் மீன் 18 அங்குலத்துக்கும் 27 அங்குலத்துக்கும் இடைப்பட்டிருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் ஆறுகளில் ஒருவர் ஒரு நாளில் 65 செ.மீ. வரையுள்ள ஒரு பைக் மீனையும், 20 செ.மீ. வரையுள்ள 15 சிறு மீன்களையும் எடுத்துப் போகலாம். பெரியவை எல்லாம் ஆற்றுக்கே. பெரிய மீனோடு வீடு திரும்புவதுதான் பெருமை என்று வளர்ந்தவர்களுக்கு இந்த விதி தலைகீழாகத் தெரியும்.

தடைக்காலத்தின் நியாயம் முட்டையோடு முடிவதில்லை. சில மீன்கள் குஞ்சுகளையும் காவல் காக்கின்றன. வட அமெரிக்க ஏரிகளின் பாஸ் மீனில் ஆண்தான் கூட்டைக் காக்கும். அதைத் தூண்டிலில் பிடித்து, எந்தக் காயமும் இல்லாமல் சில நிமிடங்களில் விட்டுவிட்டாலும், அதற்குள் மற்ற மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுவதை ஆய்வாளர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்த ஆண், சிதைந்த கூட்டைக் கைவிட்டுப் போவதும் உண்டு. நம் ஏரி குளங்களின் விராலும் இப்படித்தான். தண்ணீரின் மேல்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் கொப்பளிக்கும், அடியில் தாய் தகப்பன் காவல் இருக்கும். அந்தக் கூட்டத்தின் மேல் தவளை வடிவப் பொம்மை இரையை எறிந்தால், பசி இல்லாவிட்டாலும் ஆத்திரத்தில் விரால் பாய்ந்து கவ்வும். தூண்டில்காரருக்கு இதைவிட எளிய வேட்டை இல்லை. இதைவிட மோசமான வேட்டையும் இல்லை, பிடித்ததை விட்டுவிட்டாலும்கூட.

பிடித்து விடும் வழக்கம் அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. லீ வுல்ஃப் என்ற எழுத்தாளர் 1930களிலேயே அதை வற்புறுத்தினார். 1952இல் மிச்சிகன் மாநிலம் அதை அதிகாரபூர்வமாகக் கையில் எடுத்தபோது காரணம் கருணை அல்ல, செலவு. பண்ணையில் டிரவுட் குஞ்சுகளை வளர்த்து ஆண்டுதோறும் ஆற்றில் விட்டுக்கொண்டே இருப்பதைக் காட்டிலும், பிடித்த மீனையே திரும்ப விடச் சொல்வது மலிவாக இருந்தது.

விட்ட மீன் பிழைத்தால்தான் இந்தக் கணக்கெல்லாம் சரி. வாலை அடித்துக்கொண்டு ஆழத்துக்குள் மறைந்த மீன் பிழைத்துவிட்டது என்று கரையில் நிற்பவர் நினைத்துக்கொள்கிறார். பல மீன்கள் சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ கண்ணுக்கு மறைவாகச் சாகின்றன. பல்வேறு ஆய்வுகளிலிருந்து 274 மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்த 2005ஆம் ஆண்டின் தொகுப்பு ஒன்றில், விடப்பட்ட மீன்களின் இறப்பு சராசரி 18 சதவீதம், இடைநிலை 11 சதவீதம். ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். காலை முதல் மாலை வரை 50 மீன் பிடித்து ஐம்பதையும் விட்டவர், 3 மீன் பிடித்து மூன்றையும் சமைத்தவரைவிட அதிக மீன்களைக் கொன்றிருக்கக்கூடும்.

சாவை முடிவு செய்பவை சில சாதாரண விஷயங்கள். முதலாவது, காற்று. தண்ணீருக்கு வெளியே செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நின்றுபோகிறது. கனடாவில் செய்து 1992இல் வெளியிட்ட ஒரு சோதனையில், விரட்டிக் களைப்படைய வைத்த வானவில் டிரவுட் மீன்களைத் தண்ணீரிலேயே வைத்திருந்தபோது 12 சதவீதம் இறந்தன. 30 விநாடி காற்றில் பிடித்தபோது இது 38 சதவீதம் ஆனது, 60 விநாடி பிடித்தபோது 72 சதவீதம். ஆற்றங்கரையில் நிலைமை எப்போதும் இவ்வளவு மோசமாக இருப்பதில்லை என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டினாலும், காற்றில் இருக்கும் ஒவ்வொரு விநாடியும் மீனுக்கு எதிரான கணக்கு என்பதில் மாற்றம் இல்லை. மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, கோணம் சரியில்லை என்று இன்னொரு தடவை படம் எடுக்கும் பழக்கம் இந்த இடத்தில்தான் கொலையாகிறது.

அடுத்தது, முள் எங்கே மாட்டியது என்பது. உதட்டிலோ தாடை ஓரத்திலோ மாட்டினால் காயம் ஆறிவிடும். தொண்டையிலோ செவுளிலோ இறங்கிவிட்டால் பிழைப்பது அரிது. மண்புழு போன்ற உயிர் இரையை மீன் விழுங்கிவிடுவதால் முள்ளும் உள்ளே போகிறது. நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள், விழுங்கப்பட்டாலும் தொண்டையில் பற்றாமல் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வரிப் பாஸ் மீனுக்கு இயற்கை இரை போடுகிறவர்கள் இந்த முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2021 முதல் விதி இருக்கிறது. முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், கழற்றும் வேலை ஒரு நொடியில் முடியும். ஆழமாக இறங்கிய முள்ளைப் பிடுங்க முயல்வதைவிட, வாய்க்கு அருகே தூண்டில் நரம்பை அறுத்து விட்டுவிடுவது மேல். முள்ளோடு நீந்திப் போகும் மீன், குடல் கிழிந்து போகும் மீனைக் காட்டிலும் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

மீனின் உடம்பைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பு வெறும் அழுக்கல்ல, நோய்க் கிருமிகளைத் தடுக்கும் கவசம். உலர்ந்த கையும், சுடுமணலும், முடிச்சுப் போட்ட வலையும் அதை வழித்தெடுத்துவிடும். ஆகவே கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும், முடிச்சில்லாத வலையில் ஏந்த வேண்டும், செவுளுக்குள் விரல் விடக்கூடாது. கனத்த மீனை வாயைப் பிடித்துத் தொங்கவிட்டால் அதன் எடையே அதன் எலும்பைப் பிசகவைக்கும். வெயில் காலத்தில் இன்னும் கவனம் தேவை. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, களைத்த மீனுக்கோ அது கூடுதலாக வேண்டும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் தொடர்ந்து மூன்று நாள் ஆற்று நீரின் வெப்பம் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போட விடமாட்டார்கள்.

ஆழ்கடல் மீனின் சிக்கல் வேறு மாதிரி. ஆழத்திலிருந்து வேகமாக இழுத்து மேலே கொண்டுவந்தால் நீரழுத்தம் குறைந்து காற்றுப்பை ஊதிக்கொள்ளும், கண் பிதுங்கும், இரைப்பை வாய்வழியே தள்ளும். இப்படிப்பட்ட களவா வகை மீனை விட்டாலும் அது பலூன்போல மேலேயே மிதந்து பறவைக்கு இரையாகும். எடை கட்டிய ஒரு கருவியில் மாட்டி, அதை மறுபடி ஆழத்துக்கே இறக்கி விடுவதுதான் வழி. மெக்சிகோ வளைகுடாவில் பாறை மீன்களுக்குத் தூண்டில் போடும் அமெரிக்கப் படகுகள் இந்தக் கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது.

இவ்வளவும் மீனினம் அழியாமல் காப்பதைப் பற்றிய கணக்கு. ஒரு தனி மீன் படும் பாடு என்ன என்று கேட்டால் விவாதம் வேறு திசைக்குப் போகிறது. 2003இல் லின் ஸ்னெட்டன் தலைமையிலான பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டிரவுட் மீனின் முகத்தில் 58 உணர்வு முனைகளைச் சோதித்து, அவற்றில் 22 காயத்தை உணர்பவை என்று அறிவித்தார்கள். காயத்தை உணர்வது வேறு, வலியால் வருந்துவது வேறு, அதற்குத் தேவையான மூளைப் பகுதியே மீனுக்கு இல்லை என்பது அமெரிக்கரான ஜேம்ஸ் ரோஸ் போன்றவர்களின் வாதம். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் சில நாடுகள் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. முதுகெலும்புள்ள உயிரைத் தக்க காரணமில்லாமல் கொல்வதும் துன்புறுத்துவதும் ஜெர்மனியில் குற்றம். சாப்பிடுவது தக்க காரணம், விளையாட்டு அல்ல. ஆகவே சட்ட அளவுள்ள, தின்னத் தகுந்த மீனைப் படம் எடுத்துக்கொண்டு விடுவதற்காகவே பிடிப்பவர் அங்கே வழக்கைச் சந்திக்க நேரலாம். சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டின் விலங்கு நல விதிகளில், விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதையே தடை செய்தது. இங்கிலாந்தில் அன்பின் அடையாளமாகப் பார்க்கப்படும் செயல் இந்த நாடுகளில் கொடுமையின் அடையாளம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எனினும், தின்பதற்காகப் பிடிப்பவரைவிட விடுவதற்காகப் பிடிப்பவர் தானாகவே உயர்ந்தவர் என்ற எண்ணத்துக்கு ஜெர்மானியச் சட்டம் வைக்கும் குட்டு நியாயமானதுதான்.

வைத்துக்கொள்வதற்கும் ஒழுங்கு உண்டு. செவுளில் கயிற்றைக் கோத்துத் தண்ணீரில் கட்டிப்போட்டு மணிக்கணக்கில் துடிக்கவிடுவது பழைய வழக்கம். தலையில் ஓங்கி ஓர் அடியால் மயங்கச் செய்தோ, மூளையில் கூரிய கம்பியால் ஒரே குத்தில் கொன்றோ, உடனே இரத்தத்தை வடித்து ஐஸில் வைப்பது சரியான முறை. ஜப்பானியர் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். துடித்துச் சாகும் மீனின் சதை சீக்கிரம் கெடும் என்பதால், இரக்கத்துக்காக இல்லாவிட்டாலும் ருசிக்காக இதைச் செய்யலாம்.

விடவே கூடாத மீன்களும் உண்டு. ஜிலேபி ஆப்பிரிக்க மீன். வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டுத் தமிழகத்தின் ஏரிகளில் நிரம்பியதைப் போலவே குவீன்ஸ்லாந்தின் நீர்நிலைகளிலும் பரவியது. அங்கே அது மாட்டினால் உடனே கொன்று, தண்ணீரிலிருந்து தள்ளிக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும் அல்லது குப்பைத் தொட்டியில் போட வேண்டும். செத்த மீனைக்கூட மறுபடி தண்ணீரில் எறியக்கூடாது. ஜிலேபியின் தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். தாய் செத்த பிறகும் வாய்க்குள் குஞ்சு உயிரோடு இருக்கலாம். சமையலுக்கு எடுத்துப் போகவும் அனுமதி இல்லை. ருசி பழகிவிட்டால் புதிய இடங்களில் கொண்டுபோய் விடுவார்கள் என்ற பயம்.

பிடித்து விடுவதன் பலத்தையும் அது எட்டாத இடத்தையும் ஒருங்கே காட்டுவது காவிரியின் கதை. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த திமில் மகசீர் என்ற பெருமீன் காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே உள்ளது. 1946இல் மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இங்கென் பிடித்த மகசீர் 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. வெடி வைத்து மீன் பிடிப்பது பெருகி இந்த மீன் அருகிவந்த நேரத்தில், 1972இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய வன உயிரினச் சங்கம் ஆற்றின் சில பகுதிகளைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. பின்னர் கர்நாடகத்தின் பீமேஸ்வரி, காலிபோரே போன்ற இடங்களில் முகாம்கள் வந்தன. வெளிநாட்டவர் பணம் கட்டி, பரிசலில் ஏறி, கேழ்வரகுக் களி உருண்டையை முள்ளில் வைத்து மகசீர் பிடித்தார்கள். எடை போட்டுக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஆற்றில் விட்டார்கள். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களில் சிலர் இந்த முகாம்களில் வழிகாட்டிகளாக வேலைக்குச் சேர்ந்தார்கள். உயிரோடு இருக்கும் மீனால் சம்பளம் கிடைத்ததால் வெடி வைப்பவனை விரட்டவும் ஆள் இருந்தது.

ஒரு குறிப்பேட்டின் மதிப்பு பின்னால்தான் தெரிந்தது. காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரத் தூண்டிலில் 6,161 மகசீர்கள் பிடித்து விடப்பட்டிருந்தன. ஆய்வாளர் ஏட்ரியன் பிண்டர் குழுவினர் அந்தப் பதிவுகளை ஆராய்ந்தபோது, மகசீர் எண்ணிக்கை கூடியிருப்பதைக் கண்டார்கள். ஆனால் கூடியது நீலத்துடுப்பு மகசீர். அது கிருஷ்ணை ஆற்றுப் படுகையின் மீன். மகசீரைக் காப்பதாக எண்ணி, லோனாவ்லாவில் இருந்த பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து 1970களிலிருந்து காவிரியில் விட்டிருந்தார்கள். காவிரிக்கே சொந்தமான திமில் மகசீரோ குறைந்துகொண்டே வந்திருந்தது. மாட்டியவை எல்லாம் பெரிய கிழ மீன்கள், இளம் மீன்களைக் காணோம். பிடித்த ஒவ்வொன்றையும் பத்திரமாக விட்டும், இனம் கைநழுவிக்கொண்டிருந்தது. அணைகளும் மணல் அள்ளுதலும் வெடியும் அதற்குத் துணைபோயின. இதில் வேதனையான வேடிக்கை, அந்தப் பெருமீனுக்கு அப்போது முறையான அறிவியல் பெயர்கூட நிலைபெற்றிருக்கவில்லை. அமராவதியில் சேரும் கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து 2007இல் டோர் ரெமாதேவி என்று விவரிக்கப்பட்ட மீனும் திமில் மகசீரும் ஒன்றே என்பது 2018இல்தான் உறுதியானது. அதே ஆண்டு அது மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

இதற்குள் முகாம்களில் தூண்டில் நின்றுவிட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் வந்த திருத்தம், விலங்கு என்ற சொல்லின் விளக்கத்துக்குள் மீனையும் கொண்டுவந்தது. பிடிப்பதே வேட்டை என்றால், பிடித்துவிட்டு விடுவதும் வேட்டைதான். முகாம்கள் இருந்தது காவிரி வன உயிரினச் சரணாலயத்துக்குள். சட்டத்தின் சொற்படி பார்த்தால் இந்த முடிவில் தவறு காண முடியாது. ஆனால் தூண்டில்காரர்கள் வெளியேறியதும் அவர்களுடைய பணத்தில் நடந்த காவலும், ஆற்றில் என்ன நடக்கிறது என்று நாள்தோறும் எழுதிவந்த கணக்கும் சேர்ந்தே நின்றுபோயின. திமில் மகசீர் இன்று எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று தமிழகத்தின் மோயாறு. முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் வழியே அது ஓடுகிறது. அங்கே தூண்டிலுக்கு அனுமதி இல்லை.